மயில் கவுன்: 1903 தில்லி விருந்தில் லேடி கர்சன் அணிந்த உடை

இங்கிலாந்தின் டெர்பிஷயரில் கெடில்ஸ்டன் ஹால் என்றொரு மாளிகை இருக்கிறது. 1760களில் ராபர்ட் ஆடம் வடிவம் கொடுத்த வீடு. கர்சன் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்து, 1987இல் பழைய மாளிகைகளைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் கைக்கு வந்தது. கல்கத்தாவில் வெல்லெஸ்லி பிரபு கட்டிய அரசு மாளிகை இந்த வீட்டைப் பார்த்துக் கட்டியதுதான். அதனால், இங்கே பிறந்த ஜார்ஜ் கர்சன் 1899இல் வைஸ்ராயாகக் கல்கத்தாவில் குடியேறியபோது, கிட்டத்தட்டச் சொந்த வீட்டின் நகலுக்குள்தான் போய் இறங்கினார். அவர் ஆசியாவில் சேர்த்த பொருட்களுக்காகக் கெடில்ஸ்டனில் 'கிழக்கு அருங்காட்சியகம்' என்று தனிப் பகுதி உண்டு. தந்தமும் வெள்ளியும் ஆயுதங்களுமாக இருக்கும் அந்தச் சேகரிப்பில் எல்லோரும் நின்று பார்ப்பது அவர் மனைவியின் உடை ஒன்றைத்தான். ஆங்கிலேயர்கள் அதை 'மயில் உடை' என்றே அழைக்கிறார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த மாலை விருந்து உடைகள் ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் நிறையவே இருக்கின்றன. பெரும்பாலும் தையலகத்தின் பெயரை வைத்துத்தான் அவற்றை அடையாளம் சொல்வார்கள்: வொர்த், டூசே, லூசில், புவாரே. இடுப்புப் பட்டையில் நெய்த லேபிள் இருந்தால் பதிவேட்டில் 'தயாரித்தவர்' கட்டம் உடனே நிரம்பிவிடும். மயில் உடையும் அப்படித்தான், பாரிஸின் ஜான் ஃபிலிப் வொர்த் பெயரில் இருக்கிறது. அது தப்பு என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த உடையில் கண்ணைப் பறிக்கிற எதுவும் பாரிஸில் செய்ததில்லை. இந்த ஒரு உடையை எடுத்து அலசக் காரணம் அதுதான்.

உடுத்தியவர்

மேரி லைட்டர் 1870இல் சிகாகோவில் பிறந்தவர். அப்பா லெவி லைட்டர், மார்ஷல் ஃபீல்டுடன் கூட்டுச் சேர்ந்து துணிக்கடை நடத்திப் பெரும் பணம் சம்பாதித்தவர். பட்டம் இருந்தும் கையில் காசு குறைவான ஆங்கிலப் பிரபுக் குடும்பங்களும், காசு இருந்தும் பட்டம் இல்லாத அமெரிக்கக் குடும்பங்களும் சம்பந்தம் செய்துகொண்ட காலம் அது. மேரியும் கர்சனும் 1895இல் வாஷிங்டனில் மணந்துகொண்டார்கள். நான்கு வருடத்தில், இன்னும் முப்பது வயதுகூட ஆகாத ஒரு சிகாகோ வியாபாரியின் மகள் இந்தியாவின் வைஸ்ராய் மனைவியாகிவிட்டார்.

துணிக்கடைக்காரர் மகள் என்பதை லண்டன் சீமாட்டிகள் மூக்கைச் சுளித்துச் சொல்லியிருக்கலாம். எனக்கென்னவோ அதுதான் அவருடைய பலம் என்று தோன்றுகிறது. எந்தத் துணியில் எந்த வேலை நிற்கும், எதை எங்கே கொடுத்து வாங்க வேண்டும் என்பதில் அவருக்குக் கூர்மை இருந்தது. இந்தியாவில் எம்பிராய்டரி செய்யக் கொடுத்து, அந்தத் துணியை ஐரோப்பாவில் தைத்து உடுத்துவதை அவர் ஒரு பழக்கமாகவே வைத்திருந்தார். தனக்கு மட்டுமில்லை. 1902 ஆகஸ்டில் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவில் ராணி அலெக்ஸாண்ட்ரா அணிந்த உடையின் தங்க வேலைப்பாடும் மேரியின் மேற்பார்வையில் இந்தியாவில் நடந்ததுதான்.

மேடை

முடிசூட்டு விழா லண்டனில் முடிந்தது. அதை இந்தியாவில் கொண்டாட 1903 ஜனவரி 1 அன்று தில்லியில் தர்பார் நடந்தது. ராஜாவும் ராணியும் வரவில்லை. ராஜாவின் தம்பி கன்னாட் கோமகன் வந்தார். வெட்டவெளியில் சில மாதங்களுக்குள் ஒரு கூடார நகரம் எழுந்தது. அதற்கென்று தனி ரயில் பாதை, தபால் நிலையம், தொலைபேசி, மருத்துவமனை, மின்விளக்கு எல்லாம் இருந்தன. ஏற்பாட்டின் ஒவ்வொரு நுணுக்கத்திலும் கர்சனின் கை இருந்தது. அந்தக் கொண்டாட்டத்தின் பகுதியாக ஜனவரி 6 இரவு செங்கோட்டை அரண்மனை மண்டபங்களில் அரசு நடன விருந்து நடந்தது. மேரி மயில் உடையில் வந்தது அன்றைக்குத்தான்.

இடத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஷாஜஹானின் மயிலாசனம் இருந்த கோட்டை இது. 1739இல் நாதிர் ஷா அந்த ஆசனத்தைத் தூக்கிக்கொண்டு போனார். 1858இல் கடைசி முகலாயரான பகதூர் ஷா ஜாஃபரைக் கிழக்கிந்தியக் கம்பெனி விசாரணைக்கு நிறுத்தியதும் இதே கோட்டையின் திவான்-இ-காஸில்தான். அதன் பிறகு 45 வருடம் கழித்து அங்கே ஒரு வைஸ்ராயின் மனைவி தலை முதல் கால் வரை மயிலிறகாக வந்து நிற்கிறார். பறவை அழகாக இருக்கிறது என்பதற்காக மட்டும் தேர்ந்தெடுத்த கோலம் இல்லை இது. ஆசனம் போனாலும் அதற்கு வாரிசு நாங்கள்தான் என்று சொல்கிற கோலம். கோட்டையும் அதற்கேற்பத் தயாரானது. 1857 கலகத்துக்குப் பிறகு திவான்-இ-ஆமின் சுவரிலிருந்து ஓர் ஆங்கில அதிகாரி பெயர்த்துக்கொண்டு போன கல்பதிப்புப் பலகைகள் லண்டனில் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகத்தில் இருந்தன. கர்சன் விடாப்பிடியாகக் கேட்டு அவற்றைத் தில்லிக்குத் திரும்ப வரவழைத்தார். ஓர் அருங்காட்சியகம் இந்தியாவுக்குப் பொருளைத் திருப்பிக் கொடுத்த ஆரம்பகாலச் சம்பவங்களில் ஒன்று, ஆங்கிலேயர் நடனமாடுகிற கூடத்தை அலங்கரிக்க நடந்திருக்கிறது!

செய்தவிதம்

அன்றைய மேல்தட்டுப் பெண்களின் உடைக் கணக்கில் பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று சட்டம் மாதிரி இருந்தது. பகலில் கழுத்தை மூடி, மணிக்கட்டு வரை கை வைத்த உடை. மாலை விருந்துக்குக் கழுத்து இறங்கி, தோள் தெரிய, கைகளுக்கு நீளக் கையுறை போட்டு, பின்னால் தரையில் புரளும் நீண்ட தொங்கல். உள்ளே எலும்பு வைத்த மார்க்கச்சு இடுப்பை இறுக்கி, மார்பை முன்னும் பின்புறத்தைப் பின்னுமாகத் தள்ளும். மயில் உடையின் வெட்டு இந்த வழக்கத்தை எங்கும் மீறவில்லை. 1900களின் எந்த வொர்த் உடையோடும் சேர்த்து நிறுத்தலாம். விளிம்பில் வெள்ளை ஷிஃபான் ரோஜாக்களைச் சுற்றி வைத்தது வொர்த் தையலகத்தின் கைவண்ணம்.

துணிதான் வேறு. தில்லி, ஆக்ரா கைவினைஞர்கள் மெல்லிய ஷிஃபான் பட்டின் மேல் தங்க, வெள்ளிக் கம்பியால் சர்தோசி வேலை செய்த துண்டுகள் கப்பலில் பாரிஸுக்குப் போயின. அங்கே உடையாகச் சேர்ந்தன. சர்தோசி என்றால் நம் ஊர் ப்ளவுஸ்களில் 'ஆரி ஒர்க்' என்று பார்க்கிறோமே, அதன் உறவுக்காரக் கலை. மரச் சட்டத்தில் துணியை மத்தளத் தோல் போல இழுத்துக் கட்டி, அதைச் சுற்றித் தரையில் உட்கார்ந்து பலர் ஒரே நேரத்தில் வேலை செய்வார்கள். உலோகக் கம்பியைத் துணிக்குள் குத்தி இழுக்க முடியாது. இழுத்தால் பூச்சு உரியும், பட்டு கிழியும். அதனால் கம்பியை மேலே படுக்க வைத்து, மெல்லிய பட்டு நூலால் கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளி விட்டுப் பிணைப்பார்கள். சுருள் கம்பி, தட்டைக் கம்பி, பட்டு நூலில் சுற்றிய கம்பி என்று ஒவ்வொன்றும் வெளிச்சத்தை ஒவ்வொரு விதமாகத் திருப்பும். மயிலிறகின் மெல்லிய இழைகள் அசைவது போலத் தெரியும் மாயம் அதில்தான் இருக்கிறது.

இப்படி இறகின் மேல் இறகு படிந்தாற்போல உடை முழுவதும் நிரப்பியிருக்கிறார்கள். எடை சுமார் 4.5 கிலோ. மார்க்கச்சும் உள்பாவாடைகளும் நகைகளும் தனி. இதைப் போட்டுக்கொண்டு ஓர் இரவு முழுக்க விருந்தாளிகளை வரவேற்று நிற்க வேண்டும். அந்தச் சிரமத்தை யாரும் பேசுவதில்லை.

ஒவ்வொரு இறகின் கண்ணிலும் நீலப்பச்சையாக ஒன்று மின்னுகிறது. தூரத்தில் மரகதம் மாதிரித் தெரியும். கிட்டப் போனால் பொன்வண்டின் இறக்கை. தீப்பெட்டிக்குள் கருவேல இலை போட்டுப் பொன்வண்டு வளர்த்த தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பறக்கும் இறக்கையை மூடிக் காக்கும் கெட்டியான மேலோடு அது. அதை அளவாக வெட்டி, ஓரத்தில் துளை போட்டு, துணியோடு தைப்பார்கள். இந்தியாவில் பழைய கலைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பெண்களுக்காக மஸ்லினிலும் வலைத்துணியிலும் இந்த வேலை செய்த ஊர்களில் ஹைதராபாத்தும் கல்கத்தாவும் சென்னையும் உண்டு. இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அப்படிப்பட்ட துணிகளைப் பார்க்கலாம்.

மரகதம் வாங்கக் கர்சன்களிடம் காசில்லாமல் இல்லை. ஆனால் மரகதம் கனம். மெல்லிய பட்டு அதைத் தாங்காது. பொன்வண்டு இறக்கைக்கு எடையே கிடையாது. அதோடு, மின்விளக்கில் உடம்பு திரும்பும்போதெல்லாம் அது பச்சையிலிருந்து நீலத்துக்கு நகரும், நிஜ மயிலிறகு மாதிரியே. வேலை தெரிந்தவர் செய்த தேர்வு அது.

கர்சனின் பேச்சும் மனைவியின் உடையும்

தர்பாரை ஒட்டித் தில்லி குத்சியா பாக்கில் இந்தியக் கைவினைக் கண்காட்சி ஒன்றும் நடந்தது. சர் ஜார்ஜ் வாட் பொறுப்பில் நடந்த அந்தக் கண்காட்சியை 1902 டிசம்பர் 30 அன்று கர்சன் திறந்துவைத்தார். ஐரோப்பியச் சாயல் ஏறிய பொருட்களுக்கு அங்கே இடமில்லை என்பது அவர் போட்ட விதி. இந்திய ராஜாக்கள் தங்கள் அரண்மனைகளை லண்டன் கடைத்தெரு மேசை நாற்காலிகளால் நிரப்புகிறார்கள், உள்ளூர்க் கலை செத்துக்கொண்டிருக்கிறது என்று திறப்புரையில் வருத்தப்பட்டார். வருத்தம் பொய்யில்லை என்றே நினைக்கிறேன். பழைய கட்டடங்களைக் காப்பதில் அவர் காட்டிய அக்கறை நிஜமானது.

ஆனால் ஒரு வாரம் கழித்து அவர் மனைவி உடுத்தி வந்தது, அவருடைய விதிப்படி பார்த்தால் அந்தக் கண்காட்சிக்குள் நுழைய முடியாத ஒரு பொருள். வேலை தில்லி, வெட்டு பாரிஸ். ராஜா லண்டன் நாற்காலியில் உட்கார்ந்தால் கலைச் சீரழிவு. வைஸ்ராய் மனைவி தில்லி எம்பிராய்டரியைப் பாரிஸில் தைத்துப் போட்டால் கலைக்கு ஆதரவு. இந்த இரட்டை அளவுகோலைக் கர்சன் கவனித்ததாகத் தெரியவில்லை.

சில ஆய்வாளர்கள் மேரியை இந்தியக் கைவினையின் புரவலர் என்று புகழ்கிறார்கள். ஓரளவு சரி. அவர் உடுத்தியதைப் பார்த்து மற்றச் சீமாட்டிகளும் ஆர்டர் கொடுத்தார்கள். பட்டறைகளுக்கு வேலை கிடைத்தது. இந்த உடை கொள்ளையடித்ததல்ல, காசு கொடுத்துச் செய்ததுதான். இன்று அருங்காட்சியகங்கள் மேல் வைக்கும் 'திருப்பிக் கொடு' என்ற கோரிக்கை இதற்குப் பொருந்தாது. இதைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்தப் பளபளப்பு யார் முன்னால், எந்த நேரத்தில், எதற்காக?

நேரம் இது: 1899–1900 பெரும் பஞ்சம் முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. தர்பாரில் மக்களுக்கு ஒரு வரிச்சலுகையாவது அறிவிக்க வேண்டும் என்று கர்சனே லண்டனோடு மல்லுக்கு நின்றார், லண்டன் ஒப்புக்கொள்ளவில்லை. உப்பு வரி குறைந்தது அதற்குப் பின் வந்த பட்ஜெட்டில்தான். ஆக, தர்பாருக்கு வந்த கூட்டம் கண்டது யானையும் வாணவேடிக்கையும். அந்த ஆண்டு டிசம்பரில் காங்கிரஸ் மாநாடு சென்னையில் கூடியபோது, தலைமை வகித்த லால்மோகன் கோஷ் இதைத்தான் பிடித்துக்கொண்டார். பட்டினியில் கிடக்கும் மக்களுக்கு முன்னால் இத்தனை ஆடம்பரமா என்பது அவருடைய கேள்வி. மேரியின் உடையைப் பற்றி அவர் பேசவில்லை. பேசியிருந்தாலும் பதில் கிடைத்திருக்காது. 1905இல் வங்கப் பிரிவினையை எதிர்த்துக் கிளம்பிய சுதேசி இயக்கம் துணியையே ஆயுதமாக எடுத்தது. அந்தப் பிரிவினையைச் செய்தவர் இதே கர்சன்.

அப்புறம் என்ன ஆனது

மேரி 1906 ஜூலையில் லண்டனில் இறந்தார். வயது 36. மூன்று பெண் குழந்தைகள். மயிலிறகு வீட்டுக்கு ஆகாது என்பது ஆங்கிலேயர்களிடம் உள்ள நம்பிக்கை. முருகனைக் கும்பிடுகிற நமக்கு அது விளங்காது. உடையைப் பற்றி எழுதுகிற பலர் இந்த நம்பிக்கையையும் அவர் மரணத்தையும் முடிச்சுப் போட்டுக் கதை சொல்வார்கள். அதைத் தள்ளிவிடலாம்.

கர்சன் துக்கத்தைக்கூட ஏற்பாடாகவே செய்தவர். கெடில்ஸ்டன் தேவாலயத்தில் மனைவிக்காக ஒரு நினைவுக்கூடம் எழுப்பினார். வில்லியம் லாக்ஸ்டேல் என்ற ஓவியரிடம் மயில் உடையில் மேரியை முழு உருவமாக வரையச் சொன்னார். ஓவியம் 1909இல் முடிந்தது. வரைந்தபோது எதிரே நிற்க ஆள் இல்லை, உடை மட்டும் இருந்தது. இன்று பலரும் மனத்தில் வைத்திருக்கும் மயில் உடை இந்த ஓவியத்தில் உள்ள உடைதான். அதில் தங்கம் தங்கமாகவே மின்னுகிறது.

நிஜ உடை அப்படி இல்லை. பாட்டியின் கூறைச்சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்தால் ஜரிகை கறுத்திருக்குமே, அதே கதைதான் இதற்கும். தங்கக் கம்பி என்பது உண்மையில் மெல்லிய பொன் பூச்சு உள்ள வெள்ளி. காற்றில் உள்ள கந்தக வாயு வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு ஆகிறது, அது கறுப்பு. சேலை ஜரிகையை விற்று வெள்ளியை எடுத்துவிடுவோம். அருங்காட்சியகத்தில் துடைக்கக்கூட முடியாது. தேய்த்தால் கறுப்போடு சேர்ந்து பொன் பூச்சும் போகும், அடியில் இருக்கும் பட்டும் நைந்துபோகும். வெளிச்சம் பட்டுக்கு எதிரி என்பதால் இத்தகைய துணிகளுக்கு 50 லக்ஸ் அளவுதான் பொதுவாக அனுமதி, அதாவது அந்தி மயங்கும் நேரத்து வெளிச்சம். மின்விளக்கில் ஜொலிப்பதற்கென்றே செய்த உடையை அரையிருட்டில்தான் பார்க்க முடியும். போதாக்குறைக்கு எடை. நிற்க வைத்தால் நான்கரைக் கிலோவும் நூற்றிருபது வருடப் பழைய பட்டில் தொங்குகிறது.

கெடாமல் இருப்பது பொன்வண்டு ஒன்றுதான். அதன் நிறம் சாயம் அல்ல. ஓட்டின் கெட்டிப் பொருளான கைட்டினின் அடுக்குகளில் வெளிச்சம் பட்டுப் பிரதிபலிக்கும்போது சில அலைநீளங்கள் மட்டும் வலுப்பெற்றுக் கண்ணுக்கு வருகின்றன. அடுக்கு சிதையாத வரை நிறம் போகாது. ஆனால் இறக்கை நொறுங்கும். நேஷனல் டிரஸ்டிடமே இன்னொரு உதாரணம் இருக்கிறது: நடிகை எலன் டெர்ரி 1888இல் லேடி மேக்பெத்தாக அணிந்த, சுமார் ஆயிரம் பொன்வண்டு இறக்கைகள் தைத்த உடை. அதை 2011இல் பழுதுபார்த்து முடித்தார்கள். 1,300 மணி நேர வேலை, 1,10,000 பவுண்டு செலவு. உடைந்த இறக்கைகளை ஜப்பானியக் காகிதமும் கோதுமைப் பசையும் வைத்து ஒவ்வொன்றாக ஒட்டினார்கள். மேடை உடைக்கு அதைச் செய்யலாம், உதிர்ந்த இறக்கைகளைப் பத்திரப்படுத்தியிருந்ததால். மயில் உடையின் பிரச்சினை வேறு; அங்கே கெட்டது கம்பி. கம்பியைத் திரும்ப மினுக்க வழியில்லை.

யார் செய்தது?

சரி, பதிவேட்டுக்கு வருவோம். வொர்த் தையலகம் தன் வேலைக்கு லேபிள் வைத்தது. சர்தோசிப் பட்டறையில் லேபிள் வைக்கும் வழக்கம் இல்லை. ஒரு சட்டத்தைச் சுற்றி உட்கார்ந்த பத்துப் பேரில் யார் எந்த இறகைத் தைத்தார் என்று எழுதிவைக்கும் வழக்கமும் இல்லை. அருங்காட்சியகப் பதிவு ஆவணத்தைப் பின்தொடரும்; ஆவணம் யாரிடம் இருந்ததோ அவருக்குப் பெயர் சேரும். இதில் சதி ஒன்றுமில்லை, ஆனால் விளைவு ஒன்றுதான். உடையை விவரிக்கும் ஒரு பத்தியில் மேரி, கர்சன், வொர்த், லாக்ஸ்டேல் எல்லோருக்கும் பெயர் இருக்கும். ஊசி பிடித்தவர்கள் 'இந்தியக் கைவினைஞர்கள்' என்று பன்மையில் வருவார்கள்.

2020இல் நேஷனல் டிரஸ்ட் தன் மாளிகைகளுக்கும் காலனி ஆட்சிக்கும் உள்ள தொடர்பைப் பட்டியலிட்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. கெடில்ஸ்டன் அதில் உண்டு. பிரிட்டனில் பெரிய சண்டையே நடந்தது. இந்த உடையைப் பொறுத்தவரை அறிக்கையைவிட எனக்குச் சுவாரசியமாகப் பட்டது ஒரு தையல்காரப் பெண்ணின் முயற்சி. பழங்கால உடைகளை அப்படியே தைத்துப் பார்க்கும் அவர், மயில் உடையை மறுபடி செய்யப்போவதாக இணையத்தில் அறிவித்துப் பல வருடம் உழைத்தார். தையல் அவருக்கு வரும். மார்க்கச்சு, வெட்டு, தொங்கல் எதுவும் சிக்கல் இல்லை. இறகுகளில்தான் நின்றது. ஒரே ஆள் அத்தனையையும் தைப்பது ஆகிற காரியமில்லை. அதற்குள், வைஸ்ராய் அதிகாரத்தின் சின்னத்தை மறுபடி எதற்குச் செய்ய வேண்டும் என்ற கேள்வியும் எழுந்தது. அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டு திட்டத்தைக் கைவிட்டார்.

வொர்த் செய்த பகுதியை நல்ல தையல்காரர் ஒருவர் இன்றும் தனியாகச் செய்துவிடலாம். தில்லியிலும் ஆக்ராவிலும் செய்த பகுதிக்கு ஒரு பட்டறையே வேண்டும். அதனால் கெடில்ஸ்டன் பதிவேட்டில் கை வைக்க வாய்ப்புக் கிடைத்தால் நான் வொர்த்தின் பெயரை அழிக்க மாட்டேன். 'தயாரித்தவர்' என்ற கட்டத்தில் சர்தோசிப் பட்டறையை முதலில் எழுதி, 'வெட்டித் தைத்தவர்' என்று அடுத்த வரியில் அவரைப் போடுவேன்.